திட்டவட்டமும் குமுறலும்

பீடோங்கில் எங்களுக்கு ஒரு போட்டோஸ்டாட் கடை இருக்கிறது. நகல் எடுப்பதைவிட லேமினேட் செய்கிற வேலைதான் அதிகம். அதிலும் பேப்பரில் வந்த செய்தி என்றால் எங்கள் ஆட்களுக்கு உயிர். மகன் பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கினான், மாமா கோயில் நிர்வாகத்துக்குத் தலைவரானார், அத்தை தொகுதி ஒய்.பி. கையால் தீபாவளிப் பொட்டலம் வாங்கினார் என்று எது வந்தாலும் கத்தரித்துக்கொண்டு கடைக்கு வந்துவிடுவார்கள். பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து இயந்திரத்தில் விட்டால் மறுபக்கம் சூடாக, விறைப்பாக வெளியே வரும். வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே அதற்கும் ஓர் ஆணி தயாராக இருக்கும்.

அந்தச் செய்திகளில் பாதியை எழுதியவன் நான்தான். கோலாலம்பூரில் இருக்கும் ஒரு தமிழ் நாளிதழுக்கு இந்த வட்டாரத்தின் பகுதிநேர நிருபர். கடையை மனைவி பார்த்துக்கொள்வாள். நான் மோட்டாரை எடுத்துக்கொண்டு பள்ளி நிகழ்ச்சி, கோயில் கூட்டம், சாலை விபத்து என்று சுற்றிவிட்டு வருவேன். இன்று எழுதுகிறேன், நாளை அதையே பிளாஸ்டிக்கில் போட்டுக் கொடுக்கிறேன். "ஒரே மாவுல தோசையும் சுட்டு, பணியாரமும் சுடுறீங்க" என்பாள் மனைவி.

இரண்டு வேலையும் ஒரே ஆள் பார்ப்பதால் மற்ற நிருபர்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அச்சான செய்தியை மக்கள் எங்கே வெட்டுகிறார்கள் என்பது. படமும் தலைப்பும் கட்டாயம் இருக்கும். முதல் பத்தி பெரும்பாலும் தப்பிவிடும். உறைக்குள் அடங்கவில்லை என்றால் முதலில் போவது கடைசிப் பத்தி. நாங்களோ, ஓர் அரசியல்வாதி சொன்னது தப்பு என்றால் அந்தத் தப்பைக் கடைசிப் பத்தியில்தான் வைப்போம். "எனினும், இது குறித்து அப்பகுதி மக்கள் வேறு விதமாகக் கூறுகின்றனர்" என்று ஒரு வரி. அந்த வரி எங்கள் கடைக் குப்பைத் தொட்டியில் நிறையக் கிடக்கும்.

தலைப்புக்கென்று எங்கள் தொழிலில் தனியாகச் சில சொற்கள் உண்டு. ஒய்.பி. என்று நாங்கள் கூப்பிடுகிற மக்கள் பிரதிநிதி வாயைத் திறந்தால் அது 'விளக்கம்'. கொஞ்சம் சத்தமாகச் சொன்னால் 'உறுதி'. மேசையைத் தட்டிச் சொன்னால் 'திட்டவட்டம்'. தோட்டத்து மக்கள் வாயைத் திறந்தால் 'கோரிக்கை'. மறுபடி கேட்டால் 'வேதனை'. அதற்கு மேலும் கேட்டால் 'குமுறல்'. ஒருவர் பேசினால் பேச்சு, இன்னொருவர் பேசினால் வயிற்றுவலி. இதை யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டுச் செய்யவில்லை. பக்கம் முடிக்கிற அவசரத்தில் கைக்கு எது பழகியதோ அதைப் போடுகிறார்கள்.

என் மனைவி ஒருநாள் கேட்டாள்: "ஒய்.பி. பேசுனா திட்டவட்டம், தோட்டத்து ஆளு பேசுனா குமுறல். நான் பேசுனா என்னன்னு போடுவீங்க?"

"எச்சரிக்கை" என்றேன். அன்றைக்குக் காப்பி சீனி இல்லாமல் வந்தது.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்தவனுக்குச் சிரிப்பு போனது ஓர் அக்காவால். அவருக்கு வீடு கிடைக்குமா கிடைக்காதா என்பது எங்கள் பேப்பர் எந்தச் சொல்லை எடுத்துப் போடுகிறது என்பதில் வந்து நின்றது.

பாடாங் மேஹா வட்டாரத்தில், பெரிய சாலையை விட்டு உள்ளே போனால் ஒரு தோட்டம் வரும். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, பிறகு நிலத்தில் பாதி கைமாறியது. பழைய லயத்து வரிசை வீடுகளை இடிக்கப்போகிறோம், அதற்குப் பதிலாகத் தோட்டத்தில் குடியிருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பக்கத்திலேயே புது வீடு என்று நிர்வாகம் சொன்னது. சொன்னபடி வீடுகளும் எழும்பின. சாவி மட்டும் வரவில்லை. திறப்பு விழாவுக்கு வரவேண்டிய பெரிய மனிதருக்குத் தேதி ஒத்துவரவில்லை என்றார்கள். புது வீடுகளின் வாசலில் லாலான் புல் இடுப்பளவு நின்றது.

நான் போன அன்று புது வீடுகளைச் சுற்றிய வேலியருகே நின்று பேச ஒருவரும் வரவில்லை. அக்காதான் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். கணவர் இறந்து வெகுகாலம் ஆகிறது. மகளோடு லயத்தில் இருக்கிறார். பக்கத்து டவுனில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. ஃபாக்டரி பஸ்ஸுக்குக் கிளம்பியவர் சீருடையோடு வந்து நின்று, "வீடு கட்டி முடிச்சு புல்லு மொளைச்சிருச்சு தம்பி. ஆடு மேய்க்கலாம் போல. நாங்க எப்ப போறதுன்னு மட்டும் யாரும் சொல்லமாட்றாங்க" என்றார். பஸ் வந்துவிட்டதா என்று கேட்கிற குரலில்தான் சொன்னார். மறுநாள் தலைப்பு: "சாவி எப்போது? தோட்ட மக்கள் குமுறல்!" ஆச்சரியக்குறி தலைநகரத்து உபயம்.

அந்த வாரக் கடைசியில் ஒரு பள்ளி விளையாட்டுப் போட்டிக்குப் பரிசு கொடுக்க ஒய்.பி. வந்தார். கூடாரத்தில் மைலோ குடித்துக்கொண்டிருந்தவரைச் சுற்றி நிருபர்கள் நின்றோம். சாவி பற்றிக் கேட்டேன். அவர் சாவியைப் பற்றிப் பேசவே இல்லை.

"யாருங்க அந்தம்மா? அவங்க தோட்டத்து ஆளே இல்ல. நான் விசாரிச்சிட்டேன். வெளிய இருந்து கூட்டிட்டு வந்து நிறுத்தியிருக்காங்க. சும்மா பொலிடிக் லா இதெல்லாம்."

"ஒய்.பி., அவங்க அங்கேயே பொறந்தவங்க" என்றேன்.

என் தோளைத் தட்டினார். "அண்ணே, நீங்க நல்ல மனுசன். எல்லாரையும் நம்பிருவீங்க." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

நான் இரண்டையும் எழுதி அனுப்பினேன். அவர் சொன்னதையும், அக்கா அங்கே பிறந்தவர் என்பதையும். வந்த தலைப்பு: "அம்மாது தோட்டவாசி அல்லர்: ஒய்.பி. திட்டவட்டம்." அக்கா பிறந்த விஷயம் கடைசிப் பத்திக்குப் போயிருந்தது. அதுவும் "தாம் அத்தோட்டத்தில் பிறந்ததாக அம்மாது கூறிக்கொள்கிறார்" என்று. நான் எழுதிய செய்தியில் அவர் பிறந்தவராக இருந்தார். ஆசிரியர் மேசைக்குப் போய்த் திரும்பியபோது பிறந்ததாகச் சொல்லிக்கொள்கிறவர் ஆகிவிட்டார். இணையப் பக்கத்தில் இன்னும் சுருக்கமாக, "தோட்டவாசி சர்ச்சை" என்று போட்டிருந்தார்கள்.

அடுத்த நாள் கடை திறந்த கொஞ்ச நேரத்தில் ஒய்.பி.யின் உதவியாளர் வந்தார். கையில் அதே செய்தி. கடைசிப் பத்தியை வீட்டிலேயே வெட்டிவிட்டு வந்திருந்தார்.

"அண்ணே, ஒண்ணு காப்பி அடிச்சு ரெண்டா போடுங்க. ஒண்ணு ஒய்.பி. சர்வீஸ் சென்டருக்கு, ஒண்ணு தோட்டத்து ஆபீசுக்கு."

கடை என்று வைத்துவிட்டால் வருகிறவருக்கு வேலை செய்து கொடுக்க வேண்டும். நான் அசையவில்லை. மனைவிதான் வாங்கி இயந்திரத்தில் விட்டாள். அவர் போனதும், "நீங்க எழுதுனதுக்கு நான் தோல் போட்டு அனுப்பிட்டேன்" என்றாள்.

சில நாட்கள் கழித்து, ஷிஃப்ட் முடிந்து அக்கா நேராகக் கடைக்கு வந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

"தம்பி, ஆபீஸ்ல என் பேரை கே.ஐ.வி.ல வச்சிட்டாங்களாம்."

கே.ஐ.வி. என்றால் எங்கள் நாட்டு அலுவலகங்களில் 'பிறகு பார்க்கலாம்' என்று ஓரமாக வைப்பது. ஓரமாக வைத்ததை யாரும் எளிதில் திரும்ப எடுப்பதில்லை. வீடு கிடைக்கிறவர்களில் அக்கா பெயர் மட்டும் நிற்கிறது. மற்றவர்களுக்குச் சாவி கொடுத்ததும் லயத்தை இடிப்பார்கள்.

"இடிச்சா நான் எங்க போவேன்? எங்கம்மா அங்க ரப்பர் பால் மரம் வெட்டுனாங்க. நான் அந்த லயத்துல பொறந்தவ. என்னைப் போயி வெளியாளுன்னா..." என்று நிறுத்தினார். "நீங்க பேப்பர்ல போடுவீங்கன்னுதான தம்பி நான் பேசுனேன்."

குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார்.

மறுநாளே தோட்டத்து அலுவலகத்துக்குப் போனேன். கிராணி எனக்குத் தெரிந்தவர். அந்தத் தோட்டத்திலேயே நெடுங்காலமாகக் கணக்கு வேலை பார்க்கிறவர். அவர் மேசைக்குப் பின்னால் சுவரில் எங்கள் கடைப் பிளாஸ்டிக் மினுமினுத்தது.

"அந்தக்கா யாருன்னு எனக்குத் தெரியாதா அண்ணே?" என்றார் மெதுவாக. "அவங்க ஐ.சி.யில இந்த அட்ரஸ்தான். பொறப்புப் பத்திரத்துலயும் இந்தத் தோட்டம்தான். ஆனா ஒய்.பி. இப்பிடிச் சொல்லிட்டாரு. பேப்பர்லயும் சர்ச்சைன்னு வந்திருச்சு. மேனேஜர் என்ன சொல்றாரு, சர்ச்சை முடியட்டும், அப்புறம் பாக்கலாங்கிறாரு. நான் என்ன பண்றது?"

மோட்டாரில் திரும்பி வரும்போது எனக்கு வந்த கோபத்தில் வழியில் இருந்த மேடு பள்ளம் எதுவும் தெரியவில்லை. ஒருவர் பிறந்த இடம் எப்படி ஐயா சர்ச்சை ஆகும்? பிரசவம் பார்த்தது ஒய்.பி.யா? ஒரு பக்கம் பத்திரம் இருக்கிறது, இன்னொரு பக்கம் மைலோ குடித்துக்கொண்டே சொன்ன ஒரு பேச்சு இருக்கிறது. இரண்டையும் தராசில் சமமாக வைத்து, நடுவில் 'சர்ச்சை' என்று எழுதியது நாங்கள். ஒய்.பி. சொன்னது அந்தக் கூடாரத்தோடு போயிருக்கும். அதைச் சுவரில் மாட்டுகிற அளவுக்கு ஆக்கியது எங்கள் பேப்பர்.

செய்தி ஆசிரியருக்கு ஃபோன் போட்டேன். என்னைவிட வயதில் சின்னவர், நல்லவர், எப்போதும் தூக்கம் போதாதவர்.

"தம்பி, ஒய்.பி. சொன்னது பொய்னு எழுதி அனுப்புறேன். போடுங்க."

"பொய்னு போட முடியாதுண்ணே" என்றார் உடனே. "தப்பா சொல்றது வேற, பொய் சொல்றது வேற. தெரிஞ்சே சொன்னாருன்னு காட்ட முடியுமா? யாராவது அவருக்குத் தப்பா சொல்லிக் குடுத்திருக்கலாம். அவரு மனசுக்குள்ள போயி பாத்தீங்களா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கோபமாக இருக்கும்போது எதிரே இருப்பவர் நியாயம் பேசினால் வருகிற எரிச்சல் தனி ரகம். ஆனால் அந்த எரிச்சலில்தான் எனக்கும் ஒரு கேள்வி கிடைத்தது.

"சரி, திட்டவட்டம்னு போட மட்டும் யாரு அவரு மனசுக்குள்ள போயி பாத்தா?"

"அது... தலைப்புக்கு நல்லா இருக்கும்ணே" என்றார். பிறகு அவரே, "ஆதாரத்தோட எழுதி அனுப்புங்க. பொய்ங்கிற வார்த்தை மட்டும் வேணாம். பாக்கறேன்" என்றார்.

அன்றே அக்காவிடம் போய்ப் பிறப்புப் பத்திரத்தையும் அடையாள அட்டையையும் படம் பிடித்துக்கொண்டேன். எழுத உட்கார்ந்தால் வரவில்லை. எப்படி ஆரம்பித்தாலும் ஒய்.பி.யில் ஆரம்பித்தது. "ஒய்.பி. கூறியதை அம்மாது மறுத்துள்ளார்" என்று ஒரு தடவை. மறுத்துள்ளார் என்று எழுதினால் மறுபடியும் அதே தராசு. "ஒய்.பி.யின் கூற்றில் முரண்பாடு" என்று இன்னொரு தடவை. படிக்கிறவனுக்கு அது கொட்டாவி. அழித்து அழித்து எழுதினேன்.

அடுத்த நாள் கோலா கெடாவில் மீனவர்கள் கூட்டம் ஒன்று. போகவேண்டியிருந்தது. கூட்டம் முடிந்து, லங்காவிக்குப் போகிற ஃபெர்ரிக்குப் பெட்டி படுக்கையோடு ஓடுகிறவர்களைப் பார்த்தபடி ஒரு காப்பிக்கடையில் மீ கோரேங் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். மேசையிலிருந்து வாட்ஸ்அப் வந்தது. காலையில் நான் அனுப்பிய விபத்துச் செய்தியைப் பற்றி. "அண்ணே, லாரி மோதி இறந்தவர் எந்த ஊர்? விட்டுப்போச்சு." பீடோங் என்று பதில் போட்டேன். நன்றி என்று வந்தது. அவ்வளவுதான்.

மீ கோரேங் வந்து ஆறிக்கொண்டிருந்தது. நான் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாளைக்குப் பேப்பரில் "பீடோங்கைச் சேர்ந்த ஆடவர்" என்று வரும். யார் சொன்னார்கள் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். "பீடோங்கைச் சேர்ந்தவராகக் கூறிக்கொள்ளும் ஆடவர்" என்று எழுத மாட்டார்கள். ஒய்.பி.யிடம் கருத்துக் கேட்க மாட்டார்கள். எங்கள் அக்காவும் பாவம், லாரியில் அடிபட்டிருந்தால் மறு பேச்சில்லாமல் 'தோட்டத்தைச் சேர்ந்த மாது' ஆகியிருப்பார். உயிரோடு வேலியருகே நின்று சாவி கேட்டதால் அவர் ஊர் சந்தேகத்துக்கு உரியதாகிவிட்டது.

அங்கேயே ஃபோனில் எழுதினேன். விபத்துச் செய்தி எழுதுகிற மாதிரி. தோட்டத்தில் பிறந்து, வளர்ந்து, இன்றும் அங்கேயே குடியிருக்கும் மாது ஒருவரின் பெயர், வீடு பெறும் குடும்பங்களோடு சேர்க்கப்படாமல் நிற்கிறது. இது முதல் வாக்கியம். அவருடைய பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் அத்தோட்டத்தையே குறிக்கின்றன. இது இரண்டாவது. அவர் வெளியாள் என்று ஒய்.பி. அண்மையில் கூறியிருந்தார். இது மூன்றாவது. பிறகு இரண்டே சொல்: அது உண்மையல்ல.

ஒய்.பி.யின் பதிலுக்காக உதவியாளருக்கு அழைத்தேன். கூப்பிடுகிறேன் என்றார், கூப்பிடவில்லை. அதையும் எழுதினேன்.

அந்த இரண்டு சொல்லுக்காக ஆசிரியரோடு நடந்த பேரம் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் சட்டை வாங்குகிற பேரம்தான். 'முரண்பட்டது' என்று போடலாமா என்றார். யாரோடு முரண் என்றேன். 'சரிபார்க்கப்பட வேண்டியது' என்றார். சரிபார்த்துவிட்டேனே, பத்திரத்தைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறேனே என்றேன். 'உண்மைக்குப் புறம்பானது' என்றார். அது செந்தமிழ் உடுத்திக்கொண்டு ஒளிகிறது, வேண்டாம் என்றேன். பெருமூச்சு விட்டார். "நாளைக்கு லாயர் லெட்டர் வந்தா நீங்கதாண்ணே வாங்கணும்" என்றார். வாங்கிக்கொள்கிறேன் என்றேன். பயம் இருந்தது உண்மைதான். மனைவியிடம் சொன்னபோது, "வந்தா அதையும் லேமினேட் பண்ணிக்கலாம்" என்றாள்.

செய்தி வந்தது. உள்பக்கத்தில், சின்னதாக. தலைப்பில் சத்தமில்லை: "தோட்டத்தில் பிறந்தவர் பெயர் நிற்கிறது." அந்த இரண்டு சொல்லும் அப்படியே இருந்தன. நான் எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். அதை ஒருவர்கூடக் கத்தரித்துக்கொண்டு வரவில்லை.

உதவியாளர் அன்று ஃபோன் பண்ணினார், தாராளமாக. "என்னண்ணே இப்பிடிப் பண்ணிட்டீங்க. பாஸ் ரொம்ப வருத்தப்படுறாரு." எது தப்பு என்று சொல்லுங்கள், திருத்திவிடுகிறேன் என்றேன். "தப்புன்னு இல்ல..." என்று இழுத்தார். லாயர் லெட்டர் வரவில்லை. ஒரு வாரம் போயிருக்கும், கிராணியிடமிருந்து அக்காவுக்கு அழைப்பு வந்தது. பெயரைச் சேர்த்துவிட்டார்களாம். சுவரில் இருந்ததையும் எடுத்துவிட்டார்களாம்.

சாவி கொடுக்கும் விழா புது வீடுகளுக்கு முன்னாலேயே நடந்தது. புல்லை வெட்டி, கூடாரம் போட்டு, உறுமி மேளம் எல்லாம் வைத்து அமர்க்களம். ஒய்.பி. மைக்கைப் பிடித்தார். அக்காவை மேடைக்குக் கூப்பிட்டு, பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, "இந்த அக்காவுக்காக ஆரம்பத்துல இருந்து போராடுனவன் நான். இவங்க நம்ம தோட்டத்துப் புள்ள" என்றார். கூட்டம் கைதட்டியது. எனக்குப் பக்கத்தில் இருந்த என் மனைவி என் கையைப் பிடித்து அழுத்தினாள். எழுந்துவிடுவேனோ என்று பயந்திருப்பாள்.

அட்டையில் செய்த பெரிய சாவியை அக்கா கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். அறிவிப்பாளர் வழக்கம்போல், "அக்கா, ரெண்டு வார்த்தை நன்றி சொல்லுங்க" என்று மைக்கை நீட்டினார். அக்கா வாங்கினார்.

"வணக்கம். நான் இந்தத் தோட்டத்துலதான் பொறந்தேன். ஒய்.பி. என்னை வெளியாளுன்னு சொன்னாரு. அதனால என் பேரை நிறுத்தி வச்சாங்க. நான் வெளியாளு இல்ல. இந்த வீடு எங்கம்மா ஒழைப்புக்கும் எங்களுக்கும் வரவேண்டியது, வந்திருச்சு. நன்றி."

மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கினார். குரல் உயரவில்லை. கைதட்டலாமா வேண்டாமா என்று கூட்டத்துக்குத் தெரியவில்லை. உறுமி மேளக்காரர்கள்தான் நிலைமையைக் காப்பாற்றினார்கள்.

நான் சந்தோஷமாக எழுதினேன். முன்பு வெளியாள் என்று தாம் கூறியிருந்த மாதுக்கு ஒய்.பி. சாவி வழங்கினார், ஆரம்பம் முதல் அவருக்காகப் போராடியதாகவும் கூறினார் என்று எழுதினேன். அக்கா பேசியதைச் சொல் மாறாமல் போட்டேன். அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் பேப்பரைப் பிரித்தால், பெரிய வண்ணப்படம். அட்டைச் சாவி. தலைப்பு: "கண்ணீர் மல்க ஒய்.பி.க்கு நன்றி கூறிய மாது!" உள்ளே அக்கா பேசியது எதுவும் இல்லை. ஆசிரியர் அன்று விடுப்பாம். மேசையில் வேறு யாரோ. சாவி வாங்குகிற பெண் என்றால் கைக்குப் பழகிய சொல் அது, எடுத்துப் போட்டுவிட்டார்.

ஏழரை மணிக்கே அக்காவின் ஃபோன். "தம்பி, நான் எப்ப அழுதேன்?"

"நான் அப்பிடி எழுதலக்கா."

"அந்தாளு முன்னால நான் அழுதேன்னு போட்டிருக்கு. ஃபாக்டரியில எல்லாரும் ஃபோன்ல காட்டுறாங்க. பாவம்கிறாங்க." மூச்சு வாங்கினார். "அழுது வாங்குனா அது பிச்சை தம்பி. எனக்கு வரவேண்டியதத்தான நான் வாங்குனேன். வீடு கெடைச்சும் என்னைப் பிச்சைக்காரி ஆக்கிட்டாங்களே."

எனக்கு அவமானமாக இருந்தது. ஆசிரியரை வீட்டிலேயே ஃபோனில் பிடித்தேன். திருத்தம் போடவேண்டும் என்றேன்.

"அண்ணே, அழுதாங்க அழலங்கிறதுக்கெல்லாமா திருத்தம் போடுவாங்க? சும்மா வழக்கமா போடுற வார்த்தை. யாருக்கும் இதுல நட்டமில்ல."

"ஒருத்தருக்கு இருக்கு" என்றேன். அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன். பிச்சைக்காரி என்கிற சொல் வரைக்கும். "சரிண்ணே, போடறேன்" என்றார். அவருடைய அம்மாவும் ஒரு தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்தான் என்பது எனக்குத் தெரியும். நான் அதைச் சொல்லவில்லை.

மறுநாள், விலாசம் மாறிய கடைகளுக்கும் தொலைந்துபோன சான்றிதழ்களுக்கும் நடுவில், கட்டம் போட்டுத் திருத்தம் வந்திருந்தது. மத்தியான ஓய்வு நேரத்தில் அக்கா ஃபாக்டரியிலிருந்து கூப்பிட்டார். அங்கே பேப்பர் இன்னும் வரவில்லையாம்.

"போட்டாங்களா தம்பி?"

"போட்டிருக்காங்கக்கா."

"என்னன்னு போட்டிருக்கு? படி."

படித்தேன். "நேற்று வெளிவந்த செய்தியில் சாவி பெற்ற மாது கண்ணீர் மல்க நன்றி கூறியதாகக் குறிப்பிடப்பட்டிருந்தது. அவர் அழவில்லை. தமக்கு வரவேண்டிய வீடு வந்துவிட்டது என்றே அவர் பேசினார். பிழைக்கு வருந்துகிறோம்."

பின்னால் இயந்திரச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. லைன் போய்விட்டதோ என்று, "அக்கா?" என்றேன்.

"இன்னொரு தடவ படி தம்பி."

மறுபடி படித்தேன். பாதியிலேயே அந்தப் பக்கம் அக்கா அழ ஆரம்பித்துவிட்டார். நான் கடைசி வரை படித்துவிட்டு, ஃபோனை வைக்காமல் காத்திருந்தேன்.